எந்தக் கப்பலில் ஏறுவது?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "நீ 2012 பேட்ச்தானே? பசங்களுக்குப் பிரயோஜனமா கொஞ்ச நேரம் பேசேன்" என்றார். "எதைப் பத்திண்ணா?" என்றேன். "வேலைவாய்ப்பு, ஸ்டார்ட்அப், செயற்கை நுண்ணறிவு எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு. அதைத் தவிர எதை வேணும்னாலும் பேசு" என்றார். அதையெல்லாம் எடுத்துவிட்டால் என்னைப் போன்ற ஆளிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஊர் சுற்றியதுதான் மிச்சம். எங்கள் கூட்டத்தில் டிக்கெட் போடுவது, கணக்கு எழுதுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா. அதனால் ஜூனியர் பையன்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் ஒரு கேள்வியையே இன்றைய தலைப்பாக எடுத்துக்கொண்டேன். "அண்ணா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து க்ரூஸ் போலாம்னு இருக்கோம். எந்தக் கப்பல் நல்லா இருக்கும்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்கு ஒரு தப்பான பதிலைக் கண்டுபிடித்து, அதனால் ஒரு நண்பனை ஏறக்குறைய இழந்து, பிறகு சரியான பதிலுக்கு வந்தவன் நான். அந்தக் கதையையும் சொல்கிறேன். முதலில் பாடம், பிறகு கதை. இஞ்சினியர் புத்தி, மாற்ற முடியாது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்களுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. 1926இல் கட்டிய 'ரஜூலா' இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்த வழியில் பயணிகள் கப்பல் நின்றுபோனது. அன்றைக்கு மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். எந்தக் கப்பல் நமக்குப் பொருந்தும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. இருந்தது ஒரு கப்பல், அதில் ஏறினார்கள். நாம் பொழுதுபோக்குக்காகப் போகிறோம். அதனால்தான் நமக்கு இத்தனை குழப்பம்.

முதல் பாடம். எந்தக் கப்பல் கம்பெனியும் எல்லோருக்குமாகக் கப்பல் கட்டுவதில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் மனசுக்குள் ஒரு பயணி இருக்கிறார். டிஸ்னி கப்பல் என்றால் குழந்தையும் குட்டியுமாக வரும் குடும்பம். 'வர்ஜின் வாயேஜஸ்' என்று ஒன்று 2021இல் ஓடத் தொடங்கியது. அதில் 18 வயது ஆகாதவர்களுக்கு இடமே கிடையாது. 'கார்னிவல்' கம்பெனி குறைந்த செலவு, குறைந்த நாள், நிறைய ஆட்டம் பாட்டம் என்று பேர் வாங்கியது. 2010இல் வந்த 'நார்வேஜியன் எபிக்' கப்பலில் தனியாக வருகிறவர்களுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். ஆகவே விளம்பரத்தில் நீச்சல் குளம் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால், 'இவங்க மனசுல இருக்கிற ஆள் நான்தானா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பயணம் எத்தனை ராத்திரி என்று பாருங்கள். இரண்டு மூன்று ராத்திரி போகும் கப்பலில் வேலைக்குப் போகும் இளவட்டம் அதிகம் இருக்கும். அவர்களுக்குத்தானே லீவு கிடைக்காது? பதினைந்து நாள், ஒரு மாதம் என்று போகும் கப்பலில் ரிட்டையர் ஆனவர்கள் அதிகம் இருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். தப்பில்லை, நமக்கும் அந்தக் காலம் வரும். ஆனால் இருபத்தைந்து வயதில் அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். அதேபோல் பள்ளிக்கூட லீவு மாதத்தில் எந்தக் கப்பலில் ஏறினாலும் அது குழந்தைகள் கப்பல்தான்.

இரண்டாவது பாடம் கணக்கு. கப்பலின் அளவை 'கிராஸ் டன்னேஜ்' என்று போட்டிருப்பார்கள். டன் என்றவுடன் எடை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது கப்பலுக்குள் மூடியிருக்கும் மொத்த இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண். 1969ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தில் வந்த முறை. அந்த எண்ணைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு இரண்டு கப்பலை எடுத்துக்கொள்வோம். ஒன்று நம் சென்னைக்கு வந்த 'எம்பிரஸ்'. 1990இல் பிரான்ஸில் கட்டியது. டன்னேஜ் 48,563. ஓர் அறைக்கு இருவர் என்று வைத்தால் சுமார் 1,600 பேர். வகுத்தால் முப்பது வரும். இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து போகும் 'கென்டிங் ட்ரீம்'. 2016இல் வந்தது. டன்னேஜ் 1,50,695. அதே கணக்கில் 3,352 பேர். வகுத்தால் நாற்பத்தைந்து. அதாவது இரண்டாவதில் ஒருவருக்கு ஒன்றரை மடங்கு இடம் கிடைக்கும். தண்ணீர்ச் சறுக்கு, கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் இடம் அதிகம் என்பதால் அதுதான் நல்ல கப்பல் என்று முடிவு கட்டக்கூடாது. ரங்கநாதன் தெருவில் தலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தா தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம்?

மூன்றாவது பாடம் பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ், வைஃபை, குளிர்பானம் முதற்கொண்டு குடிக்கிற சமாச்சாரங்கள், கரையில் இறங்கிச் சுற்றுவதற்கு ஆகும் செலவு, வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் விமான டிக்கெட், விசா, முந்தின நாள் ஓட்டல். எது டிக்கெட்டில் சேர்த்தி, எது தனி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை போனபோது டிக்கெட் நூறு ரூபாய் என்றால் வீடு திரும்பும்போது செலவு இருநூறைத் தாண்டியிருந்தது. கப்பலுக்குள் காசு கண்ணில் படாது. அறைச் சாவியாக ஒரு அட்டை தருவார்கள், எல்லாவற்றுக்கும் அதையே தட்டவேண்டும். கடைசி நாள் காலையில் பில் வரும்போதுதான் கப்பலே கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொள்வோம். இன்னொன்று, கப்பல் கிளம்பியவுடன் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் தானாகப் பிடித்துக்கொள்ளும் சிக்னலுக்கு வரும் பில்லில் அடையாற்றில் ஒரு மாத வாடகை கட்டலாம். கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

தனியாக ஓர் அறை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேர் காசில் முக்கால்வாசிக்கு மேல், சில சமயம் முழுசாகவே கட்ட வேண்டியிருக்கும். மாறாக, ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மேலே மடக்குக் கட்டில் இருந்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். ஹாஸ்டலில் நாலு பேர் ஓர் அறையில் இருந்து பழகிய நமக்கு இது பெரிய வரப்பிரசாதம். இந்தக் கட்டில் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வரும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றல் பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் ஓரம் ஆடுகிற அளவுக்கு நடு ஆடாது அல்லவா, அந்தக் கணக்குதான். நவீனக் கப்பல்களில் தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் இருக்கும். அது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு இஞ்சி மரப்பாவும், டாக்டரைக் கேட்டு வாங்கிய மாத்திரையும்தான் துணை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் துறைமுக மேடையில் வந்து ஒட்டுமா, தூரத்தில் நின்று சிறு படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்புமா என்று கேளுங்கள். படகு என்றால் போக வர நேரம் போய்விடும். போகிற ஊருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜூனில் எம்பிரஸுக்குப் புதுச்சேரி அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில்தான் அது முதல் முறையாக அங்கே வந்தது. அப்போதும் கடலில் தள்ளி நின்று சிறு படகுகளில்தான் பயணிகள் கரைக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பினால், சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். அதற்கு உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று. அங்கே புறப்படும் பல கப்பல்களில் 21 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் அறை எடுக்க முடியாது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பிரயோஜனமில்லை.

பாடம் முடிந்தது. இப்போது கதை.

நாங்கள் எட்டுப் பேர். பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு பேர் இந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியிலும் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருவன் மயிலாப்பூர், ஒருவன் தி.நகர், ஒருவன் அடையாறு, நான் சைதாப்பேட்டை. இப்படி எட்டுப் பேருக்கும் ஊர்தான் பேர். பஸ் கண்டக்டர் மாதிரி கூப்பிட்டுக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்தால், தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களின் விளக்கு வரிசை தெரியும். "ஒருநாள் நாம எட்டுப் பேரும் கப்பல்ல போறோம்டா" என்று முதலில் சொன்னவன் மயிலாப்பூர்தான்.

2019இல் அதற்கு நேரம் வந்தது. எல்லோருக்கும் வேலை, கையில் கொஞ்சம் காசு. நான் எக்செல் ஷீட் போட்டேன். அதில் பதினான்கு கட்டம். டன்னேஜ், தலைக்கு இடம், அறை அளவு, சாப்பாடு, சைவம் கிடைக்குமா, நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, போகும் ஊர்கள், எல்லாவற்றுக்கும் மார்க்கு. மார்க்கைக் கூட்டினால் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு பெரிய கப்பல் முதல் வகுப்பில் தேறியது. வாட்ஸப்பில் போட்டேன். "எல்லாருக்கும் ஓகேவா?" ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கட்டைவிரல் வந்து நின்றது. மயிலாப்பூரின் கட்டைவிரல்தான் முதலில் வந்தது.

முன்பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி. "ஆபீஸ்ல லீவு தரல மச்சான். நீங்க போயிட்டு வாங்க." நாங்கள் கோபப்பட்டோம். "இவன் எப்பவும் இப்படித்தான்டா" என்று ஒருவன் எழுதினான். நானும் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

எட்டுப் பேர் என்றால் நான்கு அறை. ஏழு பேர் என்றால்? மூன்று அறையில் ஆறு பேர். ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் நான்காவது அறையில் நான் தனியாக. கட்டில் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே, இதற்குத்தான். காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்து நான்தான் பணம் கட்டினேன். கப்பல் அருமையான கப்பல், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்யும் பையன் துண்டை மடித்து யானை, குரங்கு என்று பொம்மை செய்து இரண்டு கட்டிலிலும் வைத்துவிட்டுப் போவான். என் கட்டில் பொம்மையைக் கலைத்துவிடுவேன். அடுத்த கட்டில் பொம்மை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சாக்லேட் டப்பாவை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அம்மாதான் இருந்தார். "வாப்பா, கப்பல்ல போயிட்டு வந்தியா? நல்லா இருந்துச்சா?" என்று காபி கலந்து கொடுத்தார். பீரோ மேலே ஒரு புதுச் சூட்கேஸ் இருந்தது. கைப்பிடியில் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"போகணும்னு ஆசையா வாங்கிட்டு வந்தான்ப்பா. அதுக்குள்ள கம்பெனில ஆள் குறைச்சுட்டாங்க. மூணு மாசமாச்சு. உங்ககிட்டல்லாம் சொல்லலையா?"

சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறான். அந்த மூன்று மாதமும் தினமும் எங்களுக்குக் 'குட்மார்னிங்' அனுப்பியிருக்கிறான். நாங்களும் அனுப்பியிருக்கிறோம். ஏழு பேரில் ஒருத்தன் போன் போட்டு, "என்னடா, எப்படி இருக்கே?" என்று கேட்கவில்லை.

காலிக் கட்டிலுக்கு நான் கட்டிய பணம் இருக்கிறதே, அதில் பாதி தூரத்திலேயே ஒரு கப்பலைப் பார்த்திருந்தால் எட்டுப் பேரும் போயிருக்கலாம். என் ஷீட்டில் பதினான்கு கட்டம் இருந்தது. 'நம்மில் யாரால் முடியாது?' என்று ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை வைத்திருந்தாலும் அவன் நிரப்பியிருக்க மாட்டான். யார்தான் நிரப்புவார்கள்? எட்டுப் பேர் பார்க்க, 'என்னிடம் பணம் இல்லை' என்று எழுதுவதைவிடக் கட்டைவிரலைக் காட்டிவிடுவது சுலபம்.

அதற்கப்புறம் அவனுக்கு நல்ல வேலை கிடைத்தது. ஆனால் எங்களோடு பேசுவது குறைந்துபோனது. நாங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டோம். பிறகு கொரோனா வந்தது. இரண்டு வருஷம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. 2022 வந்தபோது, படிப்பு முடித்துப் பத்து வருஷம். அந்த ஜூன் 4ஆம் தேதிதான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் எம்பிரஸைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 'கொர்டீலியா' கம்பெனியின் கப்பல். பேப்பரில் படத்தைப் பார்த்ததும் மயிலாப்பூருக்கு நானே போன் போட்டேன். "டேய், கப்பல் நம்ம வாசலுக்கே வந்துடுச்சுடா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஷீட் போடுவியா?" என்று கேட்டான். சத்தியமாக மாட்டேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் எலியட்ஸ் கடற்கரையில் கூடினோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "பேர் எழுதாதீங்க. இந்தப் பயணத்துக்கு எல்லாம் சேர்த்து, கஷ்டப்படாம உங்களால எவ்வளவு முடியும்னு எண்ணால மட்டும் எழுதுங்க. மடிச்சு இந்த ஹெல்மெட்ல போடுங்க. எது குறைச்சலோ அதுதான் நம்ம பட்ஜெட். யார் எழுதினதுன்னு யாரும் கேக்கக்கூடாது." அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அடையாறு, "சராசரி எடுக்கலாமேடா" என்றான். சராசரி எடுத்தால் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும் என்று தி.நகர் சொன்னான். துணிக்கடை வைத்திருப்பவன், அவனுக்குக் கணக்கு தெரியும்.

பிரித்தோம். மேலே உள்ள தொகைக்கும் கீழே உள்ள தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கீழே இருந்த தொகைக்கு ஒரு வழி இருந்தது. சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கும் இரண்டு ராத்திரிப் பயணம். ஜன்னல் இல்லாத உள் அறை இரண்டு, அறைக்கு நாலு பேர். விமானமும் கிடையாது, விசாவும் கிடையாது. பீச் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் துறைமுகம்.

இந்த எம்பிரஸைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காகப் பிறந்தது. மூன்று நாலு ராத்திரிச் சின்னப் பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல். நடுவில் பேர் மாறி, கம்பெனி மாறி, கடைசியில் நம் பக்கம் வந்தது. நானும் 1990இல் பிறந்தவன்தான். நானும் மூன்று கம்பெனி மாறியவன்தான். என் ஷீட்டில் போட்டால் அது பாஸ் மார்க்குக்கே தடுமாறியிருக்கும். ஆனால் வேலைக்குப் போகிற, லீவு இல்லாத, சேர்ந்து இருந்தால் போதும் என்கிற எட்டுப் பேருக்கு அதைவிடப் பொருத்தமான கப்பல் அன்றைக்கு வேறு இல்லை. யாருக்காகக் கட்டிய கப்பல் என்று முதல் பாடத்தில் சொன்னேனே, அது இதுதான்.

அறையில் நாலு பேர் நிற்க இடமில்லை. ஒருவன் சட்டை மாற்றினால் மூன்று பேர் வெளியே போக வேண்டும். ராத்திரி மேல்கட்டிலில் படுத்தவன் கீழே இறங்கும்போதெல்லாம் என் தலையை மிதித்தான். ஹாஸ்டல் திரும்பி வந்துவிட்டது! ஆனால் தூங்கத்தான் அறைக்குப் போனோம். மற்ற நேரமெல்லாம் மேல்தளம்தான்.

கப்பல் கிளம்பிய சாயங்காலம் எட்டுப் பேரும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல ஊர் தள்ளிப்போனது. இருட்டின பிறகு கலங்கரை விளக்கம் மட்டும் விட்டு விட்டு மின்னியது. மயிலாப்பூர் கையைக் காட்டினான். "இருபது வருஷமா அங்கேருந்து இங்க பாத்திருக்கேன்டா. இன்னிக்குத்தான் இங்கேருந்து அங்க பாக்கறேன்."

அவன் காலடியில் அந்தச் சூட்கேஸ் இருந்தது. அறையில் வைக்க இடமில்லை என்று கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான். விலைச் சீட்டை மட்டும் கிழித்திருந்தான்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் இறங்கினால் மனசு கேட்காது. அன்றைக்கு ஹெல்மெட்டில் விழுந்த எட்டுச் சீட்டில் மிகக் குறைந்த தொகையை எழுதியவன் மயிலாப்பூர் என்றுதானே நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள்? எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். அவன் இல்லை. எழுதியவன் நான். அந்த வருஷம்தான் வீட்டுக் கடன் தொடங்கியிருந்தது, மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் பேர் எழுதச் சொல்லியிருந்தால் நானும் கூடுதலாகவே எழுதியிருப்பேன். கடன் வாங்கியாவது கட்டைவிரலைக் காட்டியிருப்பேன். 2019இல் அவன் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. இதை இன்றைக்குத்தான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். அவர்தான் மயிலாப்பூர்.

ஆகவே தம்பி தங்கைகளே, எந்தக் கப்பல் நல்லது என்று கேட்டீர்கள். எம்பிரஸ் வருஷம் முழுக்கச் சென்னையில் இருக்கும் கப்பல் அல்ல. மேற்குக் கடற்கரையில் பருவமழை வலுக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது. 2023 ஜூனில் இங்கிருந்து இலங்கைக்கே போனது. அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக் கப்பல் இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் இருக்கிறது. ஆட்டம் பாட்டம் எதுவும் இருக்காது, போய்ச் சேர மூன்று நாள் ஆகும். ஆனால் மூன்று நாள் பேச நண்பர்கள் இருந்தால் அதுவே உல்லாசக் கப்பல்தான். கையில் வசதி இருந்தால் சிங்கப்பூர் போங்கள், அமெரிக்கா போங்கள், நான் தடுக்கவில்லை. இரண்டையும் அனுபவித்தவன்தான் நான்.

ஆனால் கப்பலைத் தேடுவதற்கு முன்னால் ஹெல்மெட்டை எடுங்கள். சீட்டு எழுதுங்கள். எல்லோராலும் ஏற முடிந்த கப்பலில் ஏறுங்கள். அப்படியும் ஒருவன் கடைசி நேரத்தில் "லீவு இல்லை மச்சான்" என்று செய்தி அனுப்பினால், கோபப்பட்டுச் சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போங்கள். நான் சாக்லேட் டப்பாவோடு போனது ரொம்ப லேட்.

இந்தச் சந்திப்புக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு வந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். வராதவர்களுக்கும் ஒரு போன் போடுவோம். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போதும்.

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.